தொண்டு நிறுவனத்தின் கணக்கு வெளியார் கையில்

தொண்டு நிறுவனத்தின் கணக்கு கடைக்கணக்கு மாதிரி இல்லை. கடைக்காரர் தன் பணத்தைப் போட்டுத் தொழில் செய்கிறார். வருஷக் கடைசியில் லாபமா நட்டமா என்று தெரிந்துவிட்டால் அவருடைய முக்கியமான கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். தொண்டு நிறுவனத்தின் கையில் இருப்பது முழுக்கப் பிறர் பணம். ஒருவர் பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்திருப்பார். ஒரு கம்பெனி ஏரி தூர்வாரக் கொடுத்திருக்கும். இன்னொருவர், எதற்கு வேண்டுமானாலும் செலவழித்துக்கொள்ளுங்கள் என்று காசோலை அனுப்பியிருப்பார். மூன்று பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கிடந்தாலும் ஏட்டில் தனித்தனியாக நிற்க வேண்டும். எந்தப் பணம் எதற்காக வந்தது, அதில் எவ்வளவு அதற்கே செலவானது, மீதி எவ்வளவு என்று யார் எந்த நாளில் கேட்டாலும் சொல்ல முடிய வேண்டும். லாபநட்டக் கணக்கு எழுதிப் பழகியவருக்கு இது புதுப் பாடம்.

இந்த வேலைக்குச் சிறிய நிறுவனங்களில் வழக்கமாகக் காணும் ஏற்பாடு எளிமையானது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்துபோகும் பகுதிநேர அக்கவுன்டன்ட் ஒருவர், டேலி என்ற கணக்கு மென்பொருள் போட்ட ஒரு கம்ப்யூட்டர், பில்கள் குத்திவைத்த ஃபைல்கள். செப்டம்பர் நெருங்கும்போது எல்லாவற்றையும் கட்டி ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்புவார்கள். அக்கவுன்டன்ட் வேறு வேலைக்குப் போய்விட்டால் கணக்கு அந்த மாதத்தோடு நின்றுவிடும். அவருக்கு மட்டுமே தெரிந்த பாஸ்வேர்டுகளும் அவரோடு போய்விடும். நிறுவனத்தை நடத்துபவர் பெரும்பாலும் சமூகப் பணியிலிருந்தோ ஆசிரியப் பணியிலிருந்தோ வந்தவராக இருப்பார். அவர் இரவு உட்கார்ந்து வவுச்சர்களை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் தொண்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரம்.

கணக்கு வேலையை வெளியே ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் யோசனை இங்கேதான் பிறக்கிறது. அவுட்சோர்சிங் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று படிகள் உண்டு. முதல் படி, கணக்கு எழுதுவது மட்டும்: பில்களையும் வங்கி அறிக்கையையும் வாங்கி, பதிவு போட்டு, வங்கி இருப்போடு ஏட்டை ஒத்துப்பார்ப்பது. இரண்டாம் படியில் சம்பளப் பட்டியல், பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரியான டிடிஎஸ், வருங்கால வைப்புநிதி, வருமானவரித் தாக்கல்கள் எல்லாம் சேரும். மூன்றாவது படிதான் நிதி மேலாண்மை. பட்ஜெட் போடுவது, மாதாமாதம் பட்ஜெட்டோடு செலவை ஒப்பிட்டு அறிக்கை தருவது, வரும் ஆறு மாதத்தில் எந்த மாதம் பணம் தட்டுப்படும் என்று முன்கூட்டியே சொல்வது, நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பும் அறிக்கையைத் தயாரிப்பது, அறங்காவலர் கூட்டத்தில் உட்கார்ந்து பதில் சொல்வது ஆகியவை இதில் அடங்கும். பெரிய கம்பெனிகளில் தலைமை நிதி அதிகாரி பார்க்கும் வேலை அது. அப்படி ஒருவருக்கு முழுநேரச் சம்பளம் கொடுக்க முடியாத நிறுவனத்துக்கு, அதே அனுபவமுள்ளவர் மாதத்தில் சில மணி நேரம் கிடைப்பது பெரிய உதவி. பேரம் பேசும்போது பலர் முதல் இரண்டு படிகளோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். உண்மையில் மூன்றாவது படியில்தான் நிறுவனத்தின் ஆயுள் இருக்கிறது.

வெளி உதவி ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சட்டம் வைத்திருக்கும் தேதிகளே காட்டும். டிரஸ்ட், சங்கம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி அமைந்த நிறுவனம் என்று எந்த வடிவில் இருந்தாலும், வருமானவரி விலக்குக்கு 12ஏபி பதிவு வேண்டும். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க 80ஜி ஒப்புதல் வேண்டும். ஒருமுறை வாங்கினால் போதும் என்றிருந்த நிலை மாறி, 2021 ஏப்ரல் முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இவற்றைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. ஆண்டு வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டாத நிறுவனங்களுக்கு மட்டும் 12ஏபி பதிவின் காலத்தை 2025இல் பத்தாண்டாக நீட்டினார்கள். பிடித்த டிடிஎஸ் தொகையை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். யார் யார் எவ்வளவு நன்கொடை தந்தார்கள் என்ற பட்டியலை 10பிடி படிவத்தில் மே 31க்குள் கொடுக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் ஏறும், அந்தப் பட்டியல் போகாமல் நன்கொடையாளருக்கு வரிச்சான்றிதழும் வராது. தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30, வருமானவரிப் படிவம் ஐடிஆர்-7 அக்டோபர் 31, வெளிநாட்டு நன்கொடை இருந்தால் எஃப்சி-4 படிவம் டிசம்பர் 31. சங்கமாக இருந்தால் மாவட்டப் பதிவாளரிடமும், 8ஆம் பிரிவு நிறுவனமாக இருந்தால் கம்பெனிப் பதிவாளரிடமும் தனியாகக் கணக்கு காட்ட வேண்டும். 1961ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. இங்கே சொல்லியிருப்பவை எல்லோருக்கும் பழகிய பழைய எண்கள்.

தேதிகளைத் தாண்டி, விதிகளின் உள்ளே இருக்கும் நுணுக்கம்தான் சிறிய நிறுவனங்களை அதிகம் தடுக்கிவிடுகிறது. வரிவிலக்கு வேண்டுமென்றால் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டிலேயே அறப்பணிக்குச் செலவிட வேண்டும். 40 லட்சம் ரூபாய் வந்திருந்தால் 34 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். முடியாதென்றால், எதற்காகச் சேர்த்து வைக்கிறோம் என்று உரிய படிவத்தில் உரிய நேரத்தில் சொல்ல வேண்டும். செலவு என்பது கையை விட்டுப் போன பணம் மட்டுமே. மார்ச் 31 அன்று கொடுக்கவேண்டிய பாக்கியாக நிற்கும் சம்பளமும் வாடகையும் அந்த ஆண்டுச் செலவில் சேராது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் சேராது. டிடிஎஸ் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் விட்டால் அந்தத் தொகையில் 30 சதவீதம் சேராது. இவற்றை ஜனவரியில் கவனித்தால் மார்ச்சுக்குள் சரிசெய்ய வழி இருக்கிறது. செப்டம்பரில் ஆடிட்டர் சொல்லித் தெரிந்துகொண்டால் வரி கட்டுவதைத் தவிர வழியில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கணக்கு பார்க்கும் பழக்கத்துக்கும் மாதாமாதம் கணக்கை முடிக்கும் பழக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கே ரூபாயாகவே தெரியும்.

வெளிநாட்டுப் பணம் வாங்கும் நிறுவனத்துக்கு இன்னொரு சுமை உண்டு. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020 செப்டம்பரில் திருத்திய பிறகு, அந்தப் பணம் முதலில் புதுடெல்லி சன்சத் மார்கில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். அதை வேறு தொண்டு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை எடுக்கலாம் என்றிருந்தது 20 சதவீதமாகக் குறைந்தது. உள்நாட்டுப் பணத்தோடு கலக்காமல் இதற்கெனத் தனிக் கணக்கு, தனி ஏடு. கணக்கு எழுதுவதற்கான செலவும், வக்கீல் ஆடிட்டர் போன்றோருக்குத் தரும் கட்டணமும் விதிப்படி நிர்வாகச் செலவிலேயே சேரும். வெளி நிறுவனத்துக்குக் கொடுக்கும் மாதக் கட்டணமும் அந்த 20 சதவீதத்துக்குள் அடங்கியாக வேண்டும் என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே கணக்குப் பார்த்துவிடுவது நல்லது.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு சின்ன பில்லின் பின்னால் போகலாம். கிராமத்தில் மாலைநேரப் படிப்பு மையம் ஒன்று நடக்கிறது. பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்கிறார்கள். மளிகைக் கடையில் கொண்டைக்கடலை, எண்ணெய், தாளிக்கும் சாமான் வாங்கியதற்கு 1,840 ரூபாய் பில். மையப் பொறுப்பாளர் பில்லின் பின்பக்கத்தில் எந்த மையம், எந்த வாரம், எத்தனை பிள்ளைகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, போனில் படமெடுத்துப் பொதுவான இணையக் கோப்பில் ஏற்றுகிறார். திட்ட ஒருங்கிணைப்பாளர் அதைப் பார்த்து ஒப்புதல் தருகிறார். வெளி நிறுவனத்தின் கணக்காளர் அதை எடுத்து, சிற்றுண்டிச் செலவு என்ற தலைப்பில், படிப்பு மையம் என்ற காஸ்ட் சென்டரில், எந்த நிதியிலிருந்து என்ற குறிப்போடு டேலியில் பதிகிறார். பதியும்போது பில்லில் ஞாயிற்றுக்கிழமை தேதி இருப்பதைக் கவனிக்கிறார். ஞாயிறன்று மையம் கிடையாதே என்று கேள்வி எழுதி அனுப்புகிறார். திங்கட்கிழமைக்காக முந்தின நாளே வாங்கினோம் என்று பதில் வருகிறது. பதில் வவுச்சரோடு சேர்கிறது. ஆறு மாதம் கழித்துத் தணிக்கையாளரோ, பணம் தந்த கம்பெனியின் ஆளோ அதே கேள்வியைக் கேட்டால் பதில் தயார்.

எல்லா பில்லும் இத்தனை ஒழுங்காக வராது. சந்தையில் காய்கறி விற்கும் அம்மாவிடம் அச்சடித்த பில் கிடையாது. ஷேர் ஆட்டோவில் டிக்கெட் கிடையாது. அங்கே நிறுவனமே வவுச்சர் எழுதி, பணம் வாங்கியவரின் பெயரும் கையெழுத்தும் வாங்க வேண்டும். தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். நகரத்துக் கம்பெனிகளின் கணக்கை மட்டும் பார்த்துப் பழகிய வெளி நிறுவனம், இப்படிப்பட்ட செலவுகளையெல்லாம் பில் இல்லை என்று ஒரேயடியாகத் திருப்பி அனுப்பும். களப்பணியாளர் சலித்துப்போய் எங்கிருந்தாவது ஒரு பில் வாங்கிவந்து ஒப்பேற்றத் தொடங்குவார். நேர்மையான செலவு பொய்ப் பில்லாக மாறுவது இப்படித்தான். கணக்காளர்கள் வருஷத்தில் ஒரு நாளாவது மையங்களுக்கு நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியைக் கேட்டது பில் வாங்கியவரும் இல்லை, பணம் கொடுத்தவரும் இல்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பணம் கேட்பது, ஒப்புதல் தருவது, பணத்தைக் கொடுப்பது, அதை ஏட்டில் எழுதுவது என்ற நான்கும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பது கணக்கியலின் பழைய பாடம். ஐந்தாறு பேர் வேலை செய்யும் ஆபீசில் அந்த நான்கும் ஒருவர் அல்லது இருவர் தலையில் விழுந்துவிடுகின்றன. அவர்கள் நல்லவர்கள் என்பதால் பிழையே வராது என்று யாரும் சொல்ல முடியாது. தப்பு நடந்தால் கண்டுபிடிக்க வழியில்லை என்பதுதான் அங்கே குறை. எழுதுவதும் வங்கியோடு ஒத்துப்பார்ப்பதும் வெளியே போய்விட்டால், ஆள் கூட்டாமலே இந்தப் பிரிவினை அமைந்துவிடுகிறது. செலவு மிச்சம், நேரம் மிச்சம் என்று அவுட்சோர்சிங்குக்குச் சொல்லப்படும் நியாயங்களில் இதுவே உறுதியானது.

அதே காரணத்தால், வெளியே கொடுக்கவே கூடாதவையும் உண்டு. பணம் செலுத்தும் அதிகாரம் அவற்றில் முதன்மையானது. வெளிக் கணக்காளர் நெட் பேங்கிங்கில் பட்டுவாடாவைத் தயாரித்து வைக்கலாம். அதற்கு ஒப்புதல் தரும் விரல் அறங்காவலருடையதாக இருக்க வேண்டும். ஒருவர் பதிவிட இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதியை வங்கிகள் தருகின்றன. டிரஸ்ட் கணக்குக்கு அதைக் கேட்டு வாங்கலாம். ஓடிபி வரும் போன் நம்பர் அறங்காவலருடையதாக இருக்க வேண்டும், ஆடிட்டர் ஆபீஸ் உதவியாளருடையதாக இருக்கக் கூடாது. டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய பென்டிரைவை வசதிக்காக ஆடிட்டர் ஆபீசிலேயே விட்டுவைக்கும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. அதைக் கையில் வைத்திருப்பவர் அறங்காவலர் பெயரில் எதை வேண்டுமானாலும் தாக்கல் செய்யலாம். சட்டத்தின் முன் அது அறங்காவலர் போட்ட கையெழுத்து. வருமானவரித் தளத்திலும் வெளிநாட்டு நன்கொடைத் தளத்திலும் பதிவான மின்னஞ்சலும் போன் நம்பரும் நிறுவனத்துடையவையா என்று ஒருமுறை திறந்து பார்ப்பது அரைமணி நேர வேலை.

பொறுப்பும் வெளியே போகாது. தாக்கல் தவறினால் அபராத நோட்டீஸ் நிறுவனத்தின் பெயருக்குத்தான் வரும். கணக்கு எழுதிய நிறுவனம் மன்னிப்புக் கேட்கலாம், கட்டணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். 12ஏபி பதிவு ரத்தானால் அதை அவர்களால் மீட்டுத் தர முடியாது.

தமிழகத்தில் பரவலாகத் தெரிந்த வழி, ஆடிட்டர் ஆபீசிலேயே கணக்கையும் எழுதச் சொல்லி, அவரே தணிக்கையும் செய்து கையெழுத்திடுவது. வேலை சீக்கிரம் முடியும், கட்டணமும் குறைவு. ஆனால் தான் எழுதியதைத் தானே சரிபார்ப்பது தணிக்கை ஆகாது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் 144ஆம் பிரிவு, கம்பெனியின் தணிக்கையாளர் அதே கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தரக் கூடாது என்று தடுக்கிறது. 8ஆம் பிரிவு நிறுவனங்களும் கம்பெனிகளே என்பதால் அவற்றுக்கும் இது பொருந்தும். டிரஸ்ட், சங்கம் இவற்றுக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் நெறிமுறை தணிக்கையாளர் தன் வாடிக்கையாளரின் கணக்கைத் தானே எழுதுவதை ஏற்பதில்லை. கணக்கு எழுத ஒரு நிறுவனம், தணிக்கைக்கு அதோடு தொடர்பில்லாத இன்னொருவர் என்று பிரித்துக்கொள்வதே முறை. அறங்காவலரின் மைத்துனர் நடத்தும் நிறுவனத்துக்கு வேலையைக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். அறங்காவலரின் உறவினருக்கு நியாயமான விலைக்கு மேல் பணம் போனால் வருமானவரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அந்தத் தொகைக்கான விலக்கைப் பறித்துவிடும். இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு, ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தோம் என்று கூட்டக் குறிப்பில் எழுதிவைத்தால் பிற்பாடு காட்ட ஆதாரம் இருக்கும்.

பலருக்குத் தெரியாத விதி ஒன்று 2022 ஆகஸ்டில் வந்தது. தொண்டு நிறுவனங்கள் எந்தெந்த ஏடுகளை வைத்திருக்க வேண்டும் என்று பட்டியலிட்ட வருமானவரி விதி 17ஏஏ, அவற்றைப் பதிவு அலுவலகத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்கிறது. வேறிடத்தில் வைப்பதானால் நிர்வாகக் குழு தீர்மானம் போட வேண்டும். அந்த இடத்தின் முழு முகவரியை ஏழு நாளுக்குள் வருமானவரி மதிப்பீட்டு அலுவலருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த இடம் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும், ஏடுகளைப் பத்தாண்டு காக்க வேண்டும். மதுரையில் பதிவான டிரஸ்டின் வவுச்சர்கள் சென்னையில் உள்ள கணக்கு நிறுவனத்தின் அலமாரியில் இருந்தால், அந்தத் தீர்மானமும் கடிதமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காகிதங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஸ்கேன் நகலை மட்டும் அனுப்புவது எளிய வழி. 8ஆம் பிரிவு நிறுவனமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: 2023 ஏப்ரல் முதல், எந்தப் பதிவை யார் எப்போது மாற்றினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி காக்கும் மென்பொருளில்தான் கணக்கு எழுத வேண்டும்.

கட்டணம் பேசும்போது சொல்லும் தொகையும் கடைசியில் கையிலிருந்து போகும் தொகையும் ஒன்றாக இருக்காது. கணக்கு எழுதும் சேவைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. வியாபார நிறுவனம் என்றால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும். ஜிஎஸ்டி பதிவே இல்லாத தொண்டு நிறுவனத்துக்கு அது முழுச் செலவு. மாதம் 20,000 ரூபாய் என்று பேசினால் போவது 23,600. ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கும் தொகையிலேயே 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பும் தொண்டு நிறுவனத்துடையதே.

இந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதே பெரிய கேள்வி. நன்கொடை தருபவர்களில் பலர், தம் பணம் ஒரு பைசா குறையாமல் குழந்தையின் தட்டுக்கோ நோயாளியின் மருந்துக்கோ போக வேண்டும் என்று விரும்புகிறார்கள். கணக்காளரின் சம்பளம் அவர்களுக்கு வீண்செலவாகத் தெரிகிறது. இது இந்தியாவில் மட்டும் உள்ள மனநிலை இல்லை. ஆன் காகின்ஸ் கிரெகரி, டான் ஹோவர்டு என்ற இருவர் 2009இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சமூகப் புத்தாக்க இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். நிதி தருபவர்கள் நிர்வாகச் செலவைக் குறைவாக எதிர்பார்க்கிறார்கள். அதற்கேற்பத் தொண்டு நிறுவனங்கள் குறைத்துச் செலவழித்து, அதையும் குறைத்துக் காட்டுகின்றன. அது எதிர்பார்ப்பை இன்னும் கீழே இறக்குகிறது என்று அந்தச் சுழலை அவர்கள் விளக்கினார்கள். 2013இல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிட்டு நன்கொடையாளருக்குத் தகவல் தரும் கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றும் சேர்ந்து, நிர்வாகச் செலவின் விகிதத்தை வைத்து மட்டும் ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. திட்டத்துக்குப் பணம் கேட்கும்போதே அந்தத் திட்டத்தின் கணக்கு எழுதும் செலவையும் ஒரு வரியாகப் போட்டுக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் சரியாக வேண்டும் என்று கேட்பவர், அதைத் தயாரிக்கும் வேலைக்கும் ஒரு பங்கு தருவதே நியாயம்.

வெளி நிறுவனம் மாதாமாதம் என்ன தர வேண்டும் என்பதில் பேச்சு தெளிவாக இருக்க வேண்டும். வரவு செலவு அறிக்கை மட்டும் போதாது. ஒரு நிறுவனத்தின் வங்கியில் 18 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறங்காவலர்கள் நிம்மதியாக இருப்பார்கள். நிதிவாரியாகப் பிரித்துப் பார்த்தால் 11 லட்சம் ஒரு கம்பெனி பள்ளித் திட்டத்துக்கென்று கொடுத்தது. 5 லட்சம் கட்டட நன்கொடை. நிறுவனம் தன் விருப்பப்படி செலவழிக்கக் கூடியது 2 லட்சம். எந்தத் திட்டத்திலும் சேராத பணியாளர்களின் சம்பளமும் ஆபீஸ் வாடகையும் மாதம் 2 லட்சத்து 40 ஆயிரம். அடுத்த மாதச் சம்பளத்துக்கே பணம் இல்லை. இது தெரியாமல் சம்பளம் போட்டால் பள்ளித் திட்டத்தின் பணம் குறையும். வரும் நன்கொடையில் ஈடுகட்டலாம் என்ற எண்ணத்தில் அந்த ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். யாரும் ஒரு ரூபாய்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாமலே நிறுவனம் நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டில் போய் நிற்கும் வழி இது. நல்ல மாத அறிக்கையில் வங்கி இருப்பு ஒரு வரி. அதன் கீழே எந்த நிதியில் எவ்வளவு, நம் சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு, அது எத்தனை மாதம் தாங்கும் என்ற வரிகள் இருக்கும். களப்பணியாளர்கள் வாங்கிய முன்பணத்தில் கணக்கு காட்டாமல் நிற்பது எவ்வளவு, எத்தனை நாளாக நிற்கிறது என்பதும் இருக்கும். அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் அந்த அறிக்கை வர வேண்டும். அதைப் படிக்க அறங்காவலர்களில் ஒருவராவது பொருளாளர் என்ற பொறுப்போடு உட்கார வேண்டும். யாரும் படிக்காத அறிக்கைக்கு மாதாமாதம் பணம் கொடுப்பது நன்கொடையை வீணாக்குவதுதான்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போட வேண்டும், நண்பர்தானே என்று விட்டுவிடக் கூடாது. எந்த வேலை, எந்தத் தேதிக்குள், பில்கள் எத்தனாம் தேதிக்குள் அவர்களிடம் போக வேண்டும், தாமதத்தால் அபராதம் வந்தால் யார் தாங்குவது, வருமானவரித் துறையின் நோட்டீசுக்குப் பதில் எழுதுவது கட்டணத்தில் அடங்குமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கணக்குத் தரவு நிறுவனத்துக்குச் சொந்தம் என்றும், மாதம் ஒருமுறை டேலி நகல் நிறுவனத்துக்கு வரும் என்றும் ஒரு வரி அவசியம். நன்கொடையாளரின் பான் எண், முகவரி, பயனாளிகளின் வங்கிக் கணக்கு, சில இடங்களில் நோயாளிகளின் விவரம்கூட இந்தக் கோப்புகளில் இருக்கும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவை வெளியாரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாலும் அதைக் காக்கும் கடமை கொடுத்தவரிடமே இருக்கிறது. எச்ஐவியோடு வாழ்பவர்களுக்காகவோ, குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்காகவோ வேலை செய்யும் நிறுவனங்கள் பயனாளிகளின் பெயருக்குப் பதில் எண்ணை மட்டும் வவுச்சரில் போட்டு அனுப்ப வேண்டும்.

எல்லா நிறுவனத்துக்கும் இந்த ஏற்பாடு தேவை என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு லட்சம் புரளும் ஊர் நூலகச் சங்கத்துக்கு, கணக்கு தெரிந்த ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவரின் நேரமே போதும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான ரசீது போடும் அறக்கட்டளை மருத்துவமனைக்குக் கணக்குப் பிரிவு உள்ளேயே இருக்க வேண்டும். வெளியே போகக்கூடியது சம்பளப் பட்டியலோ உள்தணிக்கையோதான். இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் அதிகம் பயன்பெறும்: மூன்று நான்கு நிதி வழங்குநர்கள், பத்து இருபது பணியாளர்கள், முழுநேர நிதி மேலாளருக்கு வழியில்லாத நிலை. ஒரே வட்டாரத்தில் உள்ள நான்கைந்து நிறுவனங்கள் சேர்ந்து ஒரு நல்ல கணக்காளரைப் பகிர்ந்துகொள்வதும் நடக்கக்கூடிய காரியம். அதில் ஒருவர் ரகசியம் இன்னொருவருக்குப் போகாதபடி கோப்புகளும் பாஸ்வேர்டுகளும் பிரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

மாற்றத்துக்கு ஏற்ற நாள் ஏப்ரல் 1. ஆண்டின் நடுவில் மாற்றினால் யார் எதுவரை எழுதினார்கள் என்ற குழப்பம் தணிக்கை முடியும் வரை தொடரும். மாற்றும் முன்பு பழைய கணக்காளரிடமிருந்து முடிவு இருப்பு, நிதிவாரி மீதி, தீராத முன்பணம், சொத்துப் பதிவேடு, ரசீதுப் புத்தகங்களின் எண் வரிசை, எல்லாத் தளங்களின் பாஸ்வேர்டுகள் ஆகியவற்றை எழுத்தில் வாங்கி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். முதல் இரண்டு மாதம் பழைய கணக்காளரைக் கூடவே வைத்துக்கொண்டு, புதியவர்கள் போடும் பதிவுகளைப் பார்க்கச் சொல்வது கூடுதல் செலவுதான். ஆனால் களத்தின் சங்கதிகள் அவருக்குத்தான் தெரியும். வெளி நிறுவனத்தை விட்டு விலகும் நாளிலும் இதே பட்டியல் வேண்டும்: டேலி தரவின் முழு நகல், ஸ்கேன் செய்த வவுச்சர்கள், தாக்கல் செய்த ஒவ்வொரு படிவத்தின் ஒப்புகை, டிடிஎஸ் சலான்கள், துறைகளோடு நடந்த கடிதப் போக்குவரத்து. அன்றே வங்கியிலும் அரசுத் தளங்களிலும் அவர்களுக்குத் தந்திருந்த அனுமதிகளை நீக்க வேண்டும். கடைசி மாதக் கட்டணத்தைக் கொடுப்பதற்கு முன்பே இவையெல்லாம் கைக்கு வந்துவிட வேண்டும் என்று முதல் நாள் ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கலாம்.